சபையும் சமூகமும்

கேள்வி: இணையத்தில் ஒருவருடைய பேச்சையும் எழுத்தையும் லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்களே, அவர்களை ஒரு சமூகம் என்று சொல்லலாமா? (வாசகி ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: தலைகளை எண்ணி அதைத் தீர்மானிக்க இயலாது. கச்சேரி கேட்க ஆயிரம் பேர் திரண்டிருந்தாலும், மங்களம் பாடி முடிந்ததும் ஒருவரையொருவர் அறியாமலே அவரவர் வீடு திரும்பிவிடுவார்களாயின், அது சபையே அன்றிச் சமூகம் ஆகாது.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வசித்த ரசாயன விஞ்ஞானி கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திய அம்முயற்சியில், பல தேசங்களிலும் சிதறிக் கிடந்த தமிழன்பர்கள், சம்பளமோ சன்மானமோ கருதாமல், நம் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றி எல்லாருக்கும் இலவசமாக வழங்கினார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை, அவரை நேரில் கண்டிராத வேறொருவர் வரிவரியாகப் படித்துப் பிழை நீக்கினார். அம்மின்னூல்கள் பலவற்றின் முகப்பில், தட்டச்சு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்ற குறிப்பை இன்றும் காணலாம்.

ரசிகர் ஒருவர் வராவிட்டால் ஓர் ஆசனம் காலியாகும், அவ்வளவே. மெய்ப்புப் பார்ப்பவர் வராவிட்டாலோ நூல் பிழையோடு நின்றுவிடும். ஆகவே, நீங்கள் குறிப்பிடும் லட்சம் பேரில், தாம் விலகினால் இன்ன காரியம் தடைப்படும் என்று சொல்லத்தக்கவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள், அவர்களே சமூகம். மற்றையோர் நல்ல ரசிகர்கள். அதிலும் குறைவொன்றும் இல்லை.