பனிக்காலத்தில் செடியை விடுங்கள், மண்ணைப் பாருங்கள்
மார்கழி – தை வீட்டுத்தோட்ட ஆலோசனை

காலம்: மார்கழிப் பிறப்பு முதல் தை முடியும்வரை (டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை)
இடம்: தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகள். மலைவாசிகளுக்குத் தனிக் குறிப்பு பின்னால் இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கும் தோட்டத்தில் குனிந்து வேலை செய்தால் வேர்க்காத காலம் ஆண்டில் இந்த இரண்டு மாதந்தான். ஆனால் பலர் வீட்டில் மார்கழி என்றால் தோட்டத்துக்கு விடுமுறை. மழை நனைத்துவிட்டது, செடிகள் பச்சையாக நிற்கின்றன, இனி பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பங்குனியில் மண்வெட்டியை எடுத்தால் மண் பாறையாக இருக்கும்.

இன்னொரு வகையினர் இதற்கு நேர்மாறு. பனி விழுந்ததும் கறிவேப்பிலை துளிர்க்காமல் நிற்கும், மல்லிகை இலை வெளுக்கும், துளசி கதிர்விட்டுச் சோர்ந்து போகும். அதைப் பார்த்துப் பதறி, தண்ணீரையும் உரத்தையும் கூட்டிவிடுவார்கள். குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாகத்தான் உறிஞ்சும். கொடுத்த உரம் வீண்; தேங்கிய நீரில் வேர் அழுகும். கறிவேப்பிலை மாசியில் தானாகத் துளிர்க்கும். துளசிக்குக் கதிர்களைக் கிள்ளிவிட்டால் போதும்.

ஆக, இப்போது செடிக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம். மண்ணுக்குச் செய்ய வேண்டியது நிறைய.

மழை முடிந்துவிட்டதா?

வடகிழக்குப் பருவமழைக் கணக்கு டிசம்பரோடு முடிகிறது என்பது ஏட்டில்தான். வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தது 2016 டிசம்பர் 12 அன்று. தானே புயல் கடலூரில் கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று. 2021 ஜனவரியில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல்லே சாய்ந்தது. அதனால் மார்கழியில் கையிருப்பு விதை முழுவதையும் ஒரே நாளில் தூவிவிடாதீர்கள். பாதியை எடுத்து வையுங்கள். மாடியில் பந்தல் போட்டிருப்பவர்கள் கயிறுகளையும் நிழல்வலை முடிச்சுகளையும் இன்னொருமுறை இழுத்துப் பாருங்கள்.

முதல் வேலை: களையும் மண்ணும்

மழை விட்டு நான்கைந்து நாள் வெயில் காய்ந்ததும் மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் காத்திருங்கள். ஈர மண்ணை மிதித்துக் கொத்தினால் கட்டிதட்டும். உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதுதான் பதம்.

இந்தப் பதத்தில் களை வேரோடு வரும். கோரையை மேலே அறுத்துப் பயனில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கோடு எடுக்க வேண்டும். களைக்கொத்தை ஒரு சாண் ஆழம் விட்டு நெம்புங்கள். எடுத்த கோரைக் கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள், அங்கே உட்கார்ந்து பெருகும். வெயிலில் கருகக் காய வைத்துவிட்டுப் போடலாம். மற்ற களைகளைப் பூத்து விதைவிடும் முன் எடுத்தால், அந்த இடத்திலேயே மூடாக்காகப் பரப்பிவிடலாம்.

களை எடுத்ததும் மேல்மண்ணை இரண்டு அங்குலம் மட்டும் கொத்திவிடுங்கள். மழை அடித்து இறுகிய தோல் உடைந்தால் காற்று உள்ளே போகும். அதன்மேல் மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு அடுக்கு, அதற்கும் மேல் காய்ந்த இலை ஒரு கை கனம். தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

மாடித்தோட்டப் பைகளுக்கு இது இன்னும் அவசியம். மூன்று மாத மழை பையிலிருந்த தழைச்சத்தைக் கரைத்து அடியில் வடித்திருக்கும், மண்ணும் அமுங்கி இறங்கியிருக்கும். மேல்பகுதியைக் கிளறி மண்புழு உரம் சேர்த்து நிரப்புங்கள். பையின் அடித் துளைகளில் வேரும் சேறும் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தி விடுங்கள்.

உரக்குழியைக் கிளறும்போது கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கலாம். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குட்டிகள் அவை. பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள்.

தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகள், மூலையில் கிடக்கும் கொட்டாங்கச்சி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். உட்புறத்தைத் தேங்காய்நார் கொண்டு தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

தண்ணீர்: கையைக் கட்டுங்கள்

தினமும் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். ஊற்றும் நாளில் காலையில், வெயில் ஏறும் நேரத்தில், வேரடியில் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் தெளித்தால் அந்த ஈரத்தோடு இரவுப் பனியும் சேர்ந்து விடியும்வரை காயாது. பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை.

வளர்ந்த மாமரத்துக்கு இப்போது தண்ணீர் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் கண்டால்தான் மா பூக்கும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு பாய்ச்சத் தொடங்குங்கள்.

கத்தரியை எடுக்குமுன்

கிளை வெட்ட நல்ல காலம்தான். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்தச் செடி இனிமேல் பூக்கப் போகிறதா, பூத்து முடித்துவிட்டதா?

மா, முருங்கை இரண்டும் பூக்கப் போகிறவை. இப்போது கிளையைக் கழித்தால் இந்த ஆண்டுக் காய்ப்பைக் கழித்தது போலத்தான். முறிந்த கிளை, காய்ந்த கிளை மட்டும் எடுங்கள். பந்தல் அவரையையும் தொடாதீர்கள். பகல் சுருங்கும்போது பூக்கும் கொடி அது. ஆடியிலிருந்து வெறும் இலையாகப் படர்ந்து உங்களைச் சோதித்தது இந்த மாதங்களுக்காகத்தான்.

மல்லிகைக் குடும்பத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் வெட்டியிருக்க வேண்டும். பிச்சி என்கிற சாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். மூன்றையும் தரையிலிருந்து ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் வெட்டி, உள்ளே குறுக்கே ஓடும் கொம்புகளையும் நோயுற்றதையும் நீக்கி, வேரடியில் தொழுவுரம் வையுங்கள். குண்டுமல்லிக்கு நாள் தவறியவர்கள் மார்கழி முதல் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பூ சற்றுத் தள்ளி வரும், அவ்வளவுதான்.

ரோஜாவை இன்னும் வெட்டாதவர்களுக்கும் மார்கழித் தொடக்கமே கடைசி வாய்ப்பு. வெளிப்பக்கம் பார்த்த ஒரு மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒன்றரை மாதத்தில், தை முடிவதற்குள் பூ வரும்.

டிசம்பர் பூ பூத்து ஓய்ந்ததும், தை நடுவில் பாதியாகக் குறைக்கலாம். வெட்டிய கொம்புகளில் முற்றியதை ஒரு சாண் துண்டுகளாக நட்டால் வேர்விடும். விதை வேண்டுமென்றால் காய் பழுப்பேறியதும் பறித்துவிடுங்கள். காய்ந்தால் அதுவே வெடித்துச் சிதறும்.

வெட்டும் கருவியின் துருவை மணலால் தேய்த்துத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். நோயுற்ற செடியை வெட்டினால் அடுத்த செடிக்குப் போகுமுன் அலகைத் துடையுங்கள்.

பனியோடு வருபவை

அவரைக் கொழுந்திலும் பூக்காம்பிலும் கருப்பாக அப்பியிருப்பது அசுவினி. எறும்பு வரிசை ஏறினால் அசுவினி வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் நாளே பார்த்தால் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும். மிஞ்சினால் வேப்பங்கொட்டைச் சாறு: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். ஊறிய சாற்றை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

வெண்டை இலையிலும் மாம்பூவிலும் திருநீறு பூசியதுபோல் படிவது சாம்பல் நோய். பகலில் வறண்ட வெயில், இரவில் பனி என்ற இந்தக் காலநிலைதான் அதற்குப் பிடித்தது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். இரண்டு எச்சரிக்கை: வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும். பூசணி, சுரை போன்ற கொடிகளின் இலை கந்தகத்தைத் தாங்காது. அங்கே நோயுற்ற இலையைக் கிள்ளி எடுப்பதோடு நிறுத்துங்கள். பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள். தேனீ வரும் நேரம் அது.

பரங்கிப்பூ பறிப்பவர்களுக்கு ஒரு சொல். மார்கழிக் கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்கு வைக்க ஆண்பூவை மட்டும் பறியுங்கள். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிக் காய் உருண்டிருப்பது பெண்பூ. அதைப் பறித்தால் ஒரு பரங்கிக்காய் போயிற்று. ஆண்பூவிலும் இரண்டொன்றைக் கொடியில் விட்டுவையுங்கள். வண்டு வராத மாடித்தோட்டமானால் அதிலொன்றைக் கொண்டு பெண்பூவின் நடுவில் காலையிலேயே தடவிவிடுங்கள்.

விதைக்க வேண்டியவை

கொத்தமல்லிக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. வெயில் ஏறினால் இலை கொடுக்காமல் பூவுக்குப் போய்விடும். விதையை இரண்டாக உடைத்து விதையுங்கள்; நாற்பது நாளில் கறிக்குக் கிடைக்கும். வெந்தயக்கீரை, முளைக்கீரை மூன்று நான்கு வாரத்தில் வரும். முள்ளங்கி ஆறேழு வாரம். எல்லாவற்றையும் பத்து நாளுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்து விதைத்தால், ஒரே வாரத்தில் குவிந்து அடுத்த மாதம் ஒன்றுமில்லாமல் போகாது.

ஆடிப்பட்டம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுத்தோட்டத்துக்குத் தைப்பட்டமும் அதே அளவு முக்கியம். மார்கழிக் கடைசியில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விடுங்கள். இரவு குளிர்வதால் முளைப்பு தாமதமாகும். நாற்றுத்தட்டைக் காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். தக்காளி நாற்று 25 நாளில், கத்தரி ஒரு மாதத்துக்குச் சற்று மேல், மிளகாய் அதற்கும் ஒரு வாரம் கழித்து நடவுக்கு ஆகும். சுரை, புடலை, பீர்க்கு, பூசணி விதைகளைத் தை பிறந்ததும் ஊன்றலாம். வெண்டைக்கு மட்டும் அவசரம் வேண்டாம். தை பின்பாதியில், விதையை இரவு ஊறவைத்துப் போடுங்கள்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு

ஆண்டு உரத்தில் ஒரு பாதி ஜூன்–ஜூலையிலும் மறு பாதி டிசம்பர்–ஜனவரியிலும் இடுவது முறை. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆர வட்டத்தில் உரமிட்டுக் கொத்தி மூடுங்கள். பிறகு அந்த வட்டத்தில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் கீழாகக் கவிழ்த்துப் பரப்பினால் கோடை முழுதும் ஈரம் தங்கும்.

போகியும் பொங்கலும்

போகிக்கு எதை வேண்டுமானாலும் கழியுங்கள், சருகைக் கொளுத்தாதீர்கள். தையில் நாட்டு வாதுமை சிவந்து உதிரும். தெருவில் பெருக்கிக் குவிக்கும் அந்த இலையைச் சாக்கில் அள்ளி வையுங்கள். சித்திரை வெயிலில் உங்கள் செடிகளுக்கு அதுதான் போர்வை.

பொங்கலுக்கு வெட்டிய சேனை, சேம்பு, சிறுகிழங்கில் நல்ல கிழங்கை விதைக்கென ஒதுக்குங்கள். பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் கிழங்கை உலர்ந்த மணலில் நிழலில் வைத்தால் வைகாசியில் நடலாம். கரும்பின் நுனித் துண்டை இரண்டு மூன்று கணுவோடு படுக்க வைத்து மண் மூடினால் முளைக்கும்.

மலைப்பகுதிக்கு

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கதை வேறு. அங்கே இது உறைபனிக் காலம். மேகமில்லாமல், காற்று அசையாத மாலை வந்தால் அன்றிரவு உறைபனிக்குத் தயாராகுங்கள். மென்மையான செடிகளைச் சூரியன் மறையுமுன் சாக்காலோ தழைகளாலோ மூடி, காலையில் வெயில் வந்ததும் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். கருகிய நுனிகளை உடனே வெட்டாதீர்கள். பனி முடியும்வரை அதுவே உள்ளிருக்கும் மொட்டுக்கு மறைப்பு.

பத்துப் பத்து நாளாக

மார்கழி 1–10: ரோஜா, விட்டுப்போன குண்டுமல்லிக் கவாத்து. தேங்கிய நீர் அகற்றல். முதல் கொத்தமல்லிப் பாத்தி.
மார்கழி 11–20: பிச்சிக் கவாத்து. களையெடுப்பு, மேல்மண் கொத்தல். அவரையில் அசுவினி பார்த்தல்.
மார்கழி 21 முதல் போகிவரை: நாற்று விடுதல். பைகளுக்கு உரம். சருகு சேகரிப்பு.
தை 1–10: கொடி விதைகள். விதைக்கிழங்கு ஒதுக்கல். மாம்பூவில் சாம்பல் நோய் பார்த்தல்.
தை 11–20: முல்லைக் கவாத்து. தென்னைக்கு மட்டை பரப்பல். டிசம்பர் பூவைக் குறைத்தல்.
தை 21 முதல் முடிய: தக்காளி, கத்தரி நடவு. வெண்டை விதைப்பு. எல்லா இடத்திலும் மூடாக்கு ஒரு கை கனம் இருக்கிறதா என்று சரிபார்த்தல்.

தையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்யுங்கள். மூடாக்கு போட்ட இடத்தில் ஒரு முறையும் போடாத இடத்தில் ஒரு முறையும் விரலை விட்டுப் பாருங்கள். கோடையில் எத்தனை குடம் தண்ணீர் தூக்கப் போகிறீர்கள் என்று அப்போதே தெரிந்துவிடும்.