நெய்யும் நுரையீரலும்

எள்ளினின்று பெறும் நெய் எண்ணெய் எனப்பட்டது. பின்னர் அப்பெயர் தன் பிறப்பை மறந்து, தேங்காய்க்கும் வேம்புக்கும் ஆமணக்குக்கும், ஏன், மண்ணிலிருந்து எடுப்பதற்குங்கூட உரியதாயிற்று. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆமணக்கைக் கொட்டைமுத்து என்பர். அவ்வித்தை அவித்து உலர்த்தி இடித்து, நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்துக் கலயத்திற் சேர்ப்பது முன்னாளிற் பல இல்லங்களில் வழக்கம். விளக்கிற்கும் அதுவே, வண்டியச்சிற்கும் அதுவே, மலச்சிக்கலுக்கும் அதுவே. பிறந்த குழவிக்கும் அதுவே மருந்தாயிற்று.

குழவியை நீராட்டுங்கால், அம்மாயி கால்களை நீட்டியமர்ந்து, அதனைத் தன் கால்கள்மீது கிடத்தி, உடலெங்கும் எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்ப்பாள். இதுகாறும் குறை கூறுதற்கில்லை. ஆயின் மூக்கடைப்பு நீங்குமென்று ஓரிரு துளியை நாசியில் விட்டு ஊதுவாரும், குழவியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கினால் எண்ணெய் புகட்டுவாரும் உளர். அழும் குழவி வாய்திறந்து மூச்சிழுக்கும். அம்மூச்சோடு எண்ணெயும் உள்ளிறங்கும்.

நீர்த்துளி ஒன்று குரல்வளையைக் கடக்குமாயின், இருமல் எழுந்து அதனை வெளியே தள்ளும். எண்ணெயோ தன் வழவழப்பால் அக்காவலை எழுப்பாமலே கடந்துவிடுகின்றது. மூச்சுக்குழாயின் உட்புறத்தே மயிரனைய நுண்ணிழைகள் ஓயாது அசைந்து, சளியையும் தூசியையும் மேலேற்றுகின்றன. எண்ணெய் படிந்தவிடத்து அவ்வசைவு தளரும். நுண்ணறைகளை எய்திய துளிகளை, ஆண்டுள்ள காவலணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்கமாட்டாது திணறுகின்றன. பாரபின் போன்ற கனிம எண்ணெய் நெடுநாள் தங்கித் திசுவைத் தழும்பாக்கும். ஆவின் நெய், மீனெண்ணெய் முதலிய விலங்குக் கொழுப்புக்கள் அங்கே கொழுப்பமிலங்களாகப் பிளவுண்டு கடும் அழற்சியை விளைக்கும். உண்டால் உடலை வளர்க்கும் நெய், மூச்சுவழி புகின் கனிம எண்ணெயினும் கொடிதாதல் வியப்பே.

இதனை மருத்துவர் கொழுப்பு நிமோனியா என்பர். 1925-ஆம் ஆண்டில் லாஃப்லன் என்பார், மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் மருந்து விடப்பட்ட நால்வரைப் பற்றி எழுதியதே இந்நோயின் முதல் விளக்கமாகக் கொள்ளப்படுகின்றது. தென்னிந்தியக் குழந்தைகளிடத்து இது காணப்படுதலைப் பற்றி 1973-இல் எஸ். பாலகிருஷ்ணன் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். மேலைநாட்டில் மருந்துக்கடைப் புட்டியிலிருந்து இறங்கிய எண்ணெய், இங்கே அம்மாயியின் கலயத்திலிருந்து இறங்கிற்று; வேறுபாடு அவ்வளவே. ஆதலின் இதனைக் கல்லாமையின் விளைவென்று முதியோர்மேல் ஏற்றிக் கூறுதல் நேர்மையன்று.

குழவியோடு மட்டும் இது நின்றுவிடவில்லை. லாரிக்குக் கூண்டு கட்டும் நாமக்கல்லிலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் மிகுந்த திருச்செங்கோட்டிலும் டீசலோடு பழகாத தொழிலாளர் அரியர். குழாயில் வாய்வைத்து டீசலை உறிஞ்சுங்கால் ஒரு மடக்குத் தவறி உட்செல்லினும் போதும்; சில மணி நேரத்திற்குள் காய்ச்சலும் நெஞ்சுநோவும் தோன்றலாம். மண்ணெண்ணெயும் இத்தகையதே. அதனைக் குடித்துவிட்ட பிள்ளையை வாந்தியெடுக்கச் செய்வது பெருந்தீங்கு. வயிற்றிலிருந்தது மேலெழுந்து மூச்சுக்குழாயுட் புகும்.

டீசல் தன் கொடுமையை விரைவில் அறிவித்துவிடும். குழவியின் மூக்கில் நாள்தோறும் விடும் துளியோ அவ்வாறன்று. நாட்கள் பல கழிந்தபின் இருமலும் இளைப்பும் தோன்றுதலின், எண்ணெயை எவரும் ஐயுறார். சளி கட்டிற்றென்று மீண்டும் எண்ணெயே விடுவர். மருந்து நோயை வளர்க்க, நோய் மருந்தை வேண்டிநிற்கும்! மருத்துவமனையிலும் கிருமியால் வந்த நிமோனியா என்று கருதி மருந்தளித்து, தணியாமை கண்டு திகைப்பதுண்டு. அந்நேரத்தில் “மூக்கில் எண்ணெய் விட்டோம்” என்று தாய் கூறும் ஒரு சொல், எக்ஸ்ரே படம் காட்டாததையும் காட்டிவிடும். பழிப்பரோ என்றஞ்சி அதனை மறைப்பதால் இழப்பு குழவிக்கே.

மருத்துவத்தின் முதற்படி எண்ணெயை நிறுத்துதலே. நோய் முதிர்ந்தவிடத்து நுரையீரலை உப்புநீரால் கழுவுதலும் உண்டு. மூக்கடைப்புக்கோ, மருந்துக்கடையிற் கிடைக்கும் உப்புநீர்த் துளியே போதும். அது தவறித் தொண்டையில் இறங்கினும் குழவி இருமித் தள்ளிவிடும்.