கேசினோ ஊரில் குழந்தைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மே மாத விடுமுறைக்காகத் தமிழ்நாட்டில் விற்கப்படும் மலேசியா, சிங்கப்பூர் சுற்றுலாக்களில் பத்துமலை முருகனைக் கும்பிட்ட கையோடு கெந்திங் மலைக்கு ஏற்றிவிடுவார்கள். சிங்கப்பூருக்கு வந்தால் செந்தோசா தீவு, மரினா பே சாண்ட்ஸ். பத்துமலை தவிர மற்ற மூன்று இடங்களிலும் கேசினோ இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடு கிளம்பும் பெற்றோர் இதைக் கேள்விப்பட்டதும் தயங்குகிறார்கள். போய்வந்த உறவினரிடம் விசாரிக்கிறார்கள். கிடைக்கும் பதில்களில் உண்மையும் கட்டுக்கதையும் கலந்தே இருக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்களுக்குப் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். பிள்ளை கேசினோவுக்குள் புகுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். உள்ளே போன பெரியவர் சொன்ன நேரத்துக்கு வெளியே வருவாரா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை: “கேசினோ இருக்கும் ஊர் சூதாட்ட ஊர். குழந்தைகள் கால் வைக்கவே கூடாது.”

கெந்திங்கின் கதையைப் பார்த்தால் இது அப்படியில்லை என்று தெரியும். 1964-இல் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை எடுத்திருந்த ஒப்பந்ததாரர் லிம் கோ தோங், அங்கே வீசிய குளிர்ந்த காற்றை அனுபவித்தபோதுதான் கோலாலம்பூருக்கு அருகிலேயே இப்படியொரு மலை ஓய்விடம் இருந்தால் என்ன என்று நினைத்தார். அடுத்த ஆண்டே நிறுவனம் தொடங்கி, காட்டை வெட்டிச் சாலை போட்டார். 1969-இல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அடிக்கல் நாட்டினார். கேசினோ உரிமமும் அந்த ஆண்டில்தான் கிடைத்தது. 1971-இல் முதல் ஹோட்டல் திறந்தது. மலையில் குளிருக்காக ஓர் ஊர் என்ற எண்ணம் முதலில் வந்தது, சூதாட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

இன்று ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் 7,351 அறைகள் கொண்ட ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல் நிற்கிறது. அறை எண்ணிக்கையில் உலகத்திலேயே பெரிய ஹோட்டல் என்று கின்னஸ் பதிவு பெற்றது அது. மேலே ஏற கேபிள் கார் உண்டு. நடுவில் சின் சுவீ குகைக் கோயிலில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். மழை பெய்தாலும் பிள்ளைகள் ஆடிக் களிக்க உள்ளரங்கப் பூங்கா இருக்கிறது. 2022-இல் வெளியரங்கத் தீம் பார்க்கும் திறந்தார்கள். மேகம் முகத்தைத் தொட்டுப் போகும் அந்த இடத்தில் ஒரு குழந்தை இரண்டு நாள் இருந்துவிட்டு, அங்கே கேசினோ இருந்ததே தெரியாமல் ஊர் திரும்ப முடியும்.

சிங்கப்பூரில் கேசினோ வேண்டுமா என்ற விவாதம் வீடு வீடாக நடந்தது. பல ஆண்டுகள் வேண்டாம் என்றிருந்த அரசாங்கம், 2005 ஏப்ரலில்தான் இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களுக்கு அனுமதி தந்தது. சூதாட்டப் பகுதி மொத்தப் பரப்பில் 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று அப்போது சொல்லப்பட்டது. 2010-இல் இரண்டும் திறந்தன. யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கடல்வாழ் உயிர்க்காட்சியகம், தாமரை வடிவ அருங்காட்சியகம் எல்லாம் மிச்சப் பரப்பில் இருப்பவை. அங்கே போன குழந்தையைச் சூதாட்டத்துக்குக் கூட்டிப்போனதாகச் சொல்வது நியாயமில்லை.

நம்பிக்கை: “கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒரு சுற்று காட்டிவிட்டு வந்துவிடலாம்.”

முடியாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கோவாவிலும் 21 வயது நிரம்பாதவருக்குச் சூதாட்டத் தளத்துக்குள் இடமில்லை. இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் அதே சட்டம், கல்லூரியில் படிக்கும் 19 வயதுப் பையனுக்கும் அதே சட்டம். மலேசியாவில் முஸ்லிம்களுக்கும் அனுமதி கிடையாது. வாசலில் நின்று காவலரோடு வாதாடிப் பிள்ளையின் எதிரே அவமானப்பட வேண்டாம்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் மட்டும் நிலைமை வேறு. அங்கே பல ஹோட்டல்களில் வரவேற்பறையிலிருந்து லிஃப்டுக்குப் போவதற்கே சூதாட்டத் தளத்தைக் கடக்க வேண்டும். பிள்ளைகள் கடந்து போகலாம், நிற்கக் கூடாது. நெவாடா மாநிலம் 2006-இல் கொண்டுவந்த புகைத் தடைச் சட்டமும் சூதாட்டத் தளத்துக்கு விலக்கு தந்திருக்கிறது. தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினம் நான்கு முறை சிகரெட் புகைக்குள் போய்வர வேண்டியிருக்கும் என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே கேசினோ இல்லாத ஹோட்டலில் தங்குவேன். அங்கே அப்படிப்பட்ட ஹோட்டல்களும் இருக்கின்றன.

நம்பிக்கை: “இவ்வளவு பெரிய தீம் பார்க் கட்டியிருக்கிறார்கள் என்றால் குடும்பங்களுக்காகத்தானே?”

லாஸ் வேகாஸ் இதைச் செய்து பார்த்த ஊர். 1968-இல் திறந்த ‘சர்க்கஸ் சர்க்கஸ்’ கேசினோவில் சூதாட்டத் தளத்துக்கு மேலேயே ஊஞ்சல் வீரர்கள் பறந்தார்கள். 1990-களில் குடும்பங்களை இழுக்கும் இந்த ஆசை உச்சிக்குப் போனது. கோட்டை வடிவில் எக்ஸ்காலிபர், பிரமிடு வடிவில் லக்ஸர், வாசலில் கடற்கொள்ளையர் சண்டை நடக்கும் ட்ரெஷர் ஐலண்ட், தனக்கென்று தீம் பார்க் வைத்திருந்த எம்ஜிஎம் கிராண்ட் என்று கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் பிள்ளையோடு வந்தவர் மேஜையில் உட்காரும் நேரம் குறைவு. பத்து மணிக்குத் தூங்க வைக்கவும் போக வேண்டும். எம்ஜிஎம் பூங்கா 2000-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2003-இல் கடற்கொள்ளையர் சண்டையை எடுத்துவிட்டுப் பெரியவர்களுக்கான கவர்ச்சி நிகழ்ச்சியை வைத்தார்கள். அதே ஆண்டில் அந்த நகரமே, இங்கே நடப்பது இங்கேயே இருக்கும் என்ற பொருளில் விளம்பரம் செய்யத் தொடங்கியது. பிள்ளைகளுக்கென்று கட்டிய பலவும் பத்தாண்டுக்குள் கைவிடப்பட்டன.

கெந்திங்கும் சிங்கப்பூரும் அப்படிப் பின்வாங்கவில்லை. அங்கே குடும்பப் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இருந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். மரினா பே சாண்ட்ஸின் பரப்பில் சிறு துண்டாக இருக்கும் கேசினோதான் அதன் வருமானத்தின் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. பிள்ளைக்கு ராட்டினமும் அப்பாவுக்கு மேஜையும் ஒரே கூரைக்கு அருகில் அமைந்திருப்பது யோசித்துச் செய்த ஏற்பாடு. கெந்திங்கில் கடைவீதியில் நடந்துகொண்டிருக்கும்போதே கேசினோ வாசல் வந்துவிடும்.

நம்பிக்கை: “ஒரு மணி நேரம்தான். நீ பிள்ளைகளைப் பார்த்துக்கொள், நான் போய்விட்டு வருகிறேன்.”

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஒரு மணி நேரத்தில் வந்துவிட வேண்டும் என்றுதான் போகிறார். பெரும்பாலான கேசினோக்களில் சுவர்க் கடிகாரமோ வெளிச்சம் வரும் ஜன்னலோ இருக்காது. மாலை நான்கு மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் உள்ளே ஒரே வெளிச்சம். ஜெயித்தவருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றும். தோற்றவருக்குப் போட்டதையாவது எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். ஸ்லாட் மெஷினில் மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கும்போது, கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டோம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கிட்டத்தில் வந்து தவறியது அடுத்த சுற்றைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு சுற்றும் தனி. ஆனால் அப்படித் தவறும்போதும் ஜெயித்தபோது தூண்டப்படும் மூளைப் பகுதிகள் தூண்டப்படுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எவ்வளவு நல்ல அப்பாவாக இருந்தாலும் எழுந்து வருவது சுலபமில்லை.

அந்த நேரத்தில் வெளியே யார் இருக்கிறார்கள்? நம் குடும்பங்களில் பெரும்பாலும் அம்மா, அல்லது கூட வந்த பாட்டி. ஊர் தெரியாது, மொழி தெரியாது, கையில் இருக்கும் போனுக்கு உள்ளூர் சிம் கிடையாது. ஃபுட் கோர்ட் மேஜையில் இரண்டு பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கழிப்பறைக்கு யாரை அழைத்துப் போவது யாரை விட்டுப் போவது என்று தவிக்கும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஆசையாகக் கூட்டி வந்த பயணத்தில் அவர் காவல்காரியாக உட்கார்ந்திருக்கிறார்.

பாட்டியும் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பது இன்னும் கொடுமை. 1997 மே மாதம், நெவாடா எல்லையில் இருக்கும் பிரிம் என்ற ஊரின் கேசினோவில், விடியாத நேரத்தில், விளையாட்டு மெஷின் கூடத்தில் விடப்பட்ட 7 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். தந்தை சூதாட்டத்தில் இருந்தார். ஜப்பானில் பச்சிங்கோ சூதாட்டக் கூடங்களின் வாகன நிறுத்தங்களில், வெயிலில் பூட்டிய கார்களுக்குள் விடப்பட்ட குழந்தைகள் இறந்த சம்பவங்கள் ஒன்றல்ல, பல. அந்தப் பெற்றோரும் ‘கொஞ்ச நேரம்தான்’ என்றுதான் நினைத்திருப்பார்கள். மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, தகுந்த கவனிப்புக்கு வழி செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம். ஹோட்டல் அறையில் தூங்கும் குழந்தையைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்குவதும் விட்டுச் செல்வதுதான்.

போயே தீர வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை இது. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் போகாதீர்கள். தூங்கிய பிறகு, இன்னொரு பெரியவர் அறையில் இருக்கும்போது போங்கள். ஏடிஎம் கார்டையும் போன் வழிப் பணத்தையும் அறையிலேயே விட்டுவிட்டு, இழந்தால் வருத்தமில்லை என்ற தொகையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் முறை வைத்துப் போவது நடைமுறையில் சரிவருவதில்லை. முதலில் போனவர் தாமதமானால் அடுத்தவர் முறை சண்டையில் முடியும், அந்தச் சண்டை பிள்ளைகள் முன்னால் நடக்கும்.

நம்பிக்கை: “சிங்கப்பூரில் சட்டம் கடுமை. கவலையே வேண்டாம்.”

கடுமைதான், ஆனால் அது அந்நாட்டவருக்கு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைய 150 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கட்ட வேண்டும். 2019 வரை 100 வெள்ளியாக இருந்தது. குடும்பத்தில் ஒருவர் சூதாட்டத்தில் சிக்கிக்கொண்டால், அவரை உள்ளே விடாதீர்கள் என்று மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ அதற்கான தேசிய மன்றத்தில் விண்ணப்பிக்கலாம். கேசினோவுக்குள் ஏடிஎம் வைக்கக் கூடாது. இவ்வளவு வேலி போட்ட நாட்டில், சுற்றுலாவுக்கு வந்த நாம் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுக் கட்டணமில்லாமல் உள்ளே போய்விடலாம். உங்கள் வீட்டில் சூது பழக்கமுள்ளவர் இருந்தால் இதை முன்கூட்டியே யோசியுங்கள். பாஸ்போர்ட் மற்றவர் பையில் இருந்தால் வாசலோடு சரி. மனத்தாங்கல் வரும்தான். வந்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம். பழக்கம் முற்றிப்போனவர் என்றால் கெந்திங்கைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டுக் கேமரன் மலைக்குப் போங்கள். அங்கேயும் குளிர் இருக்கிறது, தேயிலைத் தோட்டமும் இருக்கிறது.

கோவாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில் சிலவற்றில் குழந்தைகளுக்கென்று தனி அறை உண்டு; சாப்பாடும் மதுவும் நுழைவுச் சீட்டோடு சேர்த்தே வரும். 2020 முதல் கோவா மக்களையே உள்ளே அனுமதிப்பதில்லை. கடற்கரையும் கோட்டையும் தேவாலயங்களும் நிறைந்த ஊரில், கப்பலின் ஓர் அறையில் மாலை முழுவதும் ஆயாவோடு பிள்ளையை உட்கார வைப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. 2025-இல் கொழும்பிலும் பெரிய கேசினோ விடுதி திறந்திருக்கிறது. அங்கே போகும் குடும்பங்களும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: “பிள்ளைகள் ஆடுவது வெறும் விளையாட்டு மெஷின்.”

எல்லாமே அப்படியில்லை. காரோட்டும் மெஷினில் கை பழகப் பழகத் தேர்ச்சி வரும். ஆனால் பொம்மையைக் கவ்வும் மெஷின், நாணயம் தள்ளும் மெஷின், சக்கரம் சுற்றி டிக்கெட் கொடுக்கும் மெஷின் ஆகியவற்றில் குழந்தையின் திறமைக்கு வேலை குறைவு. கவ்வியின் பிடி எப்போது இறுக வேண்டும் என்பதை நடத்துபவரே அமைத்துவைக்க முடியும். பொம்மை பாதி தூரம் வந்து நழுவும்போது “இன்னும் ஒரே ஒரு தடவைம்மா” என்று பிள்ளை கெஞ்சுவதும், உள்ளே பெரியவர் எழுந்து வர முடியாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரே காரணத்தால்தான். தடுக்க வேண்டியதில்லை. அன்றைக்கு இவ்வளவுதான் என்று முன்பே பிள்ளையின் கையிலேயே காசைக் கொடுத்துவிடுங்கள். தீர்ந்ததும் அழுதாலும் மறுபடி கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: “பிள்ளைகளிடம் சூதாட்டம் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த வாசலைப் பார்த்துவிட்டு “உள்ளே என்னப்பா?” என்று கேட்கும். “உனக்கெதுக்கு அதெல்லாம்” என்று வாயை அடைத்தால், பிறகு போனில் தானே தேடும். அன்று இரவு அறையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுங்கள். பந்து உருளும் ரூலெட் சக்கரங்களில் ஒரு வகையில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு பூஜ்யமும் சேர்த்து 37 குழிகள். ஓர் எண்ணில் மலேசியக் காசில் 1 ரிங்கிட் வைத்து, பந்து அந்த எண்ணில் விழுந்தால், வைத்த காசையும் சேர்த்து 36 ரிங்கிட் கையில் வரும். சரி, எல்லா எண்ணிலும் பூஜ்யத்திலும் 1 ரிங்கிட் வைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பிள்ளை கூட்டிப் பார்க்கட்டும். வைத்தது 37, பந்து எங்கே விழுந்தாலும் வருவது 36. அந்த ஒரு ரிங்கிட் எங்கே போகிறது என்று அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேட்கும்.