இரவு ஷிப்டும் ஜெபவேளையும்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் விசுவாசிகளுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அதிகாலை ஜெபம் தவறிப்போகிறதே, தேவனைவிட்டுத் தூரமாகிவிட்டோமோ என்று கலங்குகிறவர்கள் உண்டு. நமது மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்க்கும் நர்சுகளுக்கும் இதே பாரம்தான்.

மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார். லூக்கா 6:12-இலோ, பன்னிருவரைத் தெரிந்துகொள்ளுமுன் இராமுழுவதும் ஜெபித்தார். 134-ஆம் சங்கீதத்தையும் வாசித்துப் பாருங்கள். மூன்றே வசனங்கள், இரவில் ஆலயத்தில் நின்று ஊழியம் செய்தவர்களை நோக்கிப் பாடப்பட்டது. கம்பெனி பஸ் ஒரகடம் போய்ச் சேருமுன் மனப்பாடம் ஆகிவிடும்!

இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் தூங்குமுன் கால்மணி நேரம் ஜெபிக்கட்டும். ஷிப்ட் மாறினால் அந்த வேளையும் மாறட்டும். உங்கள் சபையிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். ஞாயிறு ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று கேட்குமுன், இந்த வாரம் எந்த ஷிப்ட் என்று விசாரியுங்கள்.