பிழைக் காசா, பழுதான காசா?

மன்னார்–மதவாச்சி வீதியில் உயிலங்குளத்தைத் தாண்டும் பஸ்ஸில் கொண்டக்டர் தரும் மிச்சக் காசை விரித்துப் பாருங்கள். ஒன்று கறுத்திருக்கும், இன்னொன்றில் பச்சை படர்ந்திருக்கும், மூன்றாவதில் துரு ஏறியிருக்கும். உப்புக் காற்றும் மீன்வாடியும் வயலும் உள்ள ஊரில் காசு வேறு எப்படி இருக்கும்? ஆனால் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுத்த குற்றியே ‘பிழைக் காசு’ ஆகிவிடுகிறது. லட்சம் பெறுமதி என்ற பேச்சும் கூடவே வந்துவிடும்.

நாணயசாலையில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். அவற்றின் ஓரத்தை உருட்டி விளிம்பு எழுப்பி, பிறகு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பார்கள். அந்த அடி விழுந்து முடியும்வரை நடந்த கோளாறு மட்டுமே பிழை. அதற்குப் பிறகு உண்டியலிலும் கல்லாப்பெட்டியிலும் சேற்றிலும் நடந்ததெல்லாம் பழுது.

“நிறம் மாறியிருக்கிறது, வேறு உலோகத்தில் அடித்துவிட்டார்கள்.”

நம் ஊரில் ஆகக் கூடுதலாகக் கேட்கிற கதை இதுதான். உப்பிலுள்ள குளோரைட் செம்பைப் பிடித்தால், ஈரமும் காற்றும் சேரச் சேரப் பச்சைத் தூள் கிளம்பும். அது கறை மட்டுமல்ல, உலோகத்தையே தின்னும் நோய். பித்தளைக் காசைப் புளி போட்டு விளக்கினால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பின் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு ‘செம்பில் அடித்த 5 ரூபா’ என்பவர்கள், புளியின் வேலையை நாணயசாலையின் கணக்கில் எழுதுகிறார்கள்.

2005ஆம் ஆண்டுக் காசுகளோடு இன்னொரு குழப்பமும் வந்தது. அந்த ஆண்டு இலங்கை மத்திய வங்கி உலோகத்தை மாற்றியது. 1 ரூபாவும் 5 ரூபாவும் பித்தளை முலாம் பூசிய உருக்காயின. 1984இல் வந்த 5 ரூபா 9.5 கிராம், 2005ஆம் ஆண்டினது 7.7 கிராம். இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான். எனவே ‘இந்த 5 ரூபா இலேசாக இருக்கிறது, காந்தத்திலும் ஒட்டுகிறது’ என்று யாராவது காட்டினால், முதலில் ஆண்டைப் படியுங்கள். முலாம் தேய்ந்தாலோ அமிலம் பட்டாலோ உள்ளிருக்கும் உருக்கு வெள்ளையாகத் தெரியும், பிறகு துருப்பிடிக்கும். முலாமே பூசாமல் அடிபட்ட குற்றி உண்மையில் உண்டு. ஆனால் அதில் எழுத்துகள் கூர்மையாக நிற்கும், அச்சின் பளபளப்பும் இருக்கும். அமிலத்தில் ஊறியதிலோ எழுத்தின் ஓரங்கள் கரைந்து மழுங்கியிருக்கும்.

“கோடு விழுந்திருக்கிறது, அச்சு வெடித்திருக்கிறது.”

விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சில் வெடிப்பு விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அந்த வெடிப்புக்குள் ஏறும். ஆகவே காசில் கோடு மேலெழுந்து நிற்கும். பள்ளமாகத் தெரிகிற கோடு பெரும்பாலும் கீறல்தான். இந்த ஒரு சோதனையே பல வாதங்களை முடித்துவிடும். அச்சின் பிழைக்கு இன்னொரு அடையாளம், அதே அச்சில் அடித்த மற்றக் காசுகளிலும் அதே இடத்தில் அது தென்படுவது.

“ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது.”

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதில்தான் இருக்கிறது. தகடு சரியாக நகராமல், முன்பு வெட்டிய துளையின் மேலேயே வெட்டுக்கருவி மறுபடி விழுந்தால், வில்லையில் பிறை வடிவத் துண்டு குறையும். அந்தக் குறைவான வில்லை விளிம்பு எழுப்பும் இயந்திரத்துக்குள் போகும்போது, வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் போதாமல் போகும். அதனால் அங்கே விளிம்பு மெலிந்து தட்டையாகும். வெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே விளிம்பு திடமாக நின்றால், சந்தேகம் அரத்தின் மேலேயே போகவேண்டும். அரம் கொண்டு அறுப்பவனுக்கு எதிர்ப்பக்கத்தை மெலிக்கத் தோன்றுவதில்லை.

தட்டையாகி அகன்ற காசைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தண்டவாளத்தில் காசு வைத்து ரயிலுக்குக் காத்திருந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. 2015இல் தலைமன்னார் ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கியதிலிருந்து நமக்கும் அந்த வசதி வந்துவிட்டது.

“எழுத்து இரட்டையாகத் தெரிகிறது.”

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் நெருங்கி நிற்கிற காசில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம், தவறாகக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம். அச்சு செய்யும்போதே உருவம் இருமுறை பதிந்திருந்தால், இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு தெரியும். அடிக்கும் நேரத்தில் அச்சு சற்று அசைந்தால், எழுத்தின் ஓரத்தில் தட்டையான படி ஒன்றுதான் விழும். இந்த இரண்டாவது வகை சாதாரணமாகக் கிடைப்பது, சேகரிப்பவர்கள் அதற்குப் பணம் கொடுப்பதில்லை.

லண்டன் உறவுகள் கொண்டுவரும் பழைய வட்ட பவுண் காசில் ஓர எழுத்து தலைகீழாக இருப்பதும் பிழையல்ல. முகத்தை அடிக்க முன்பே, எந்தப் பக்கம் மேலே என்று பாராமல், அந்த எழுத்துப் பதிக்கப்படும். அதே நாட்டில் 2008இல் வெளிவந்த ஆண்டில்லாத 20 பென்ஸ் நிஜப் பிழை. பழைய முன்பக்க அச்சோடு புதிய பின்பக்க அச்சைச் சேர்த்ததில், ஆண்டு இரண்டு பக்கத்திலும் விடுபட்டது. பிரித்தானிய நாணயசாலையே அதை ஒப்புக்கொண்டது.

“மாந்தையில் எடுத்தது, ஒரு பக்கம் அடி சரியாக விழவில்லை, அபூர்வம்.”

உயிலங்குளத்திலிருந்து மாந்தையும் திருக்கேதீச்சரமும் தூரமில்லை. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்த பழைய துறைமுகம் அது. யாழ்ப்பாண அரசர்களின் நந்தி பொறித்த ‘சேது’ காசுகளும் வடக்கின் மண்ணில் கிடைப்பவை. கையால் அடித்த காலத்துக் காசில் உருவம் ஓரம் தள்ளி விழுவதும், எழுத்தில் பாதி வெளியே போவதும், வில்லை கோணலாக இருப்பதும் வழமை. இயந்திரக் காசின் இலக்கணத்தை அதற்குப் பொருத்தக்கூடாது.

அதோடு சட்டமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்கள். மண்ணுக்குள் இருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது. வயலில் அகப்பட்டால் தேய்க்காமல், புளி போடாமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வெறும் பழுதான இன்றைய காசுக்கு லட்சம் தருவதாகச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தி இப்படிக் கேட்டதால், 2021 ஓகஸ்டில் அந்த வங்கி பொதுமக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. உங்கள் காசை வாங்க வருகிறவர் உங்களிடமே பணம் கேட்டால், தொலைபேசியை வைத்துவிடுங்கள்.