பொதுப் பெயர் வேண்டாம், தம்பி

அன்புத் தம்பிக்கு,

லாக் வரவில்லை என்றால் சோர்ஸ் கோடைக் குடைவதற்கு முன் கான்ஃபிக் ஃபைலின் பெயரைப் பார்.

வேறெதுவும் சொல்லாவிட்டால், லாக்4ஜே 1.2 என்ற லாக்கிங் லைப்ரரி கிளாஸ்பாத்தில் 'லாக்4ஜே.எக்ஸ்எம்எல்' என்ற ஃபைலைத் தேடும். அது இல்லையென்றால்தான் 'லாக்4ஜே.ப்ராப்பர்ட்டீஸ்'. முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். அது யாருடையது என்று பார்க்காது. ஜேபாஸ் 4.0 சர்வர் தன் 'கான்ஃப்' ஃபோல்டரில் 'லாக்4ஜே.எக்ஸ்எம்எல்' என்ற பெயரில்தான் ஒரு ஃபைல் வைத்திருந்தது. நாம் டிப்ளாய் செய்யும் வார் ஃபைலுக்குள்ளும் அதே பெயர் இருக்கும். ஆப்பின் லாக் சர்வர் லாகில் போய்க் கலக்கும், அல்லது நீ எழுதிய செட்டிங் எதுவுமே எடுபடாது. ஜேபாஸ் 4.2இல் சர்வரின் ஃபைல் 'ஜேபாஸ்-லாக்4ஜே.எக்ஸ்எம்எல்' ஆனது, சர்வரின் லாக்கிங் சர்வீஸுக்கும் அந்தப் பெயரையே எழுதி வைத்தார்கள். பொதுப் பெயரை ஆப்களுக்கு விட்டுக்கொடுத்து சர்வர் ஒதுங்கிக்கொண்டது. என்னைக் கேட்டால், அதுதான் சரியான முடிவு.

நீயும் உன் ஃபைலுக்கு ஆப்பின் பெயரை முன்னால் சேர்த்து வை. அந்தப் பெயரை லாக்4ஜே தானாகத் தேடாது, நீதான் சொல்ல வேண்டும். ஆனால் 'லாக்4ஜே.கான்ஃபிகரேஷன்' என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியில் அதைக் கொடுக்குமுன் யோசி: அது ஜேவிஎம் முழுவதற்கும் பொருந்தும், பக்கத்து ஆப்பையும் இழுத்துவிடும். எந்த ஃபைல் எடுபடுகிறது என்ற சந்தேகம் வந்தால் 'லாக்4ஜே.டீபக்' ப்ராப்பர்ட்டியை ட்ரூ என்று வைத்து சர்வரைக் கிளப்பு. எங்கிருந்து படித்தது என்று கன்சோலிலேயே சொல்லிவிடும்.

எல்லா ஃபைலுக்கும் இஷ்டப்படி பெயர் மாற்ற முடியாது. ஜேபாஸ் 4இல் டேட்டா சோர்ஸ் ஃபைலை அடையாளம் காட்டுவதே '-டிஎஸ்.எக்ஸ்எம்எல்' என்ற வால்தான். 'பழைய-ஆரக்கிள்-டிஎஸ்.எக்ஸ்எம்எல்' என்று ஒரு நகலை 'டிப்ளாய்' ஃபோல்டரிலேயே போட்டு வைத்தால், அதையும் சேர்த்து ஏற்றப் பார்க்கும். ஒரே ஜேஎன்டிஐ பெயர் இரண்டு முறை வந்து மோதும். பழையதை அந்த ஃபோல்டரை விட்டே வெளியே எடுத்து வை. டாம்கேட்டில் இன்னொரு விதம்: 'கான்ஃப்/கேட்டலினா/லோக்கல்ஹோஸ்ட்' ஃபோல்டரில் உள்ள ஃபைலின் பெயரே ஆப்பின் முகவரிப் பாதை. அங்கே பெயரை மாற்றினால் யூஆர்எல்லும் மாறிவிடும்.

பெயர் மாற்றிய கையோடு பழைய பெயரை ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட், பில்ட் ஃபைல், பேக்கப் ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் க்ரெப் போட்டுத் தேடு. மாற்றத்தைக் காரணத்தோடு கிட்டில் கமிட் செய். ப்ரொடக்‌ஷன் மெஷினில் மட்டும் கையால் மாற்றிவிட்டுப் போகாதே. அடுத்த டிப்ளாயில் பழைய ஃபைல் அதே பெயரில் வந்து உட்கார்ந்துவிடும்.

அன்புடன்,
உன் அண்ணன்