வவுனியாப் பல்கலைக்கழகம்: கல்லூரி முதல் பல்கலைக்கழகம் வரை

1. அறிமுகம்

வன்னிப் பெருநிலப்பரப்பில் தலைமையகத்தைக் கொண்ட அரச பல்கலைக்கழகம் வவுனியாப் பல்கலைக்கழகமாகும். இணைந்த கல்லூரி, வளாகம், பல்கலைக்கழகம் ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கருதி மாணவர் பலர் விடையெழுதுவர். அது தவறாகும். இவை ஒரே நிறுவனம் கடந்துவந்த மூன்று படிகளாகும்.

2. வளர்ச்சிப் படிகள்

(அ) 1991: வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது.

(ஆ) 1997 ஏப்ரல் 1: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகத் தரமுயர்ந்தது. பிரயோக விஞ்ஞான பீடம், வியாபாரக் கற்கைகள் பீடம் என்பன இயங்கின. வளாகத்திற்குத் தலைவர் முதல்வர் ஆவார். பட்டத்தை வழங்கியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே.

(இ) 2021 ஆகஸ்ட் 1: வவுனியாப் பல்கலைக்கழகம் எனத் தனித்தியங்கத் தொடங்கியது. இதற்குச் சொந்தமாகத் துணைவேந்தர், பேரவை, மூதவை என்பன உண்டு. பட்டத்தையும் இதுவே வழங்கும். தொழில்நுட்பக் கற்கைகள் பீடத்துடன் பீடங்கள் மூன்றாகும்.

3. ஒப்பீடு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகவே தொடங்கியது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி ஏனைய வளாகங்களுடன் சேர்ந்து 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கு எடுத்த காலம் ஐந்து ஆண்டுகளிலும் குறைவு. வவுனியா வளாகத்திற்கோ 24 ஆண்டுகள். அவற்றுள் முதற் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் போர்க்காலமாகும். யாழ்ப்பாணத்தையும் வவுனியாவையும் இணைக்கும் ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. தாய்ப் பல்கலைக்கழகத்திற்குத் தரைவழியாகச் செல்ல இயலாத அக்காலத்திலும் வளாகம் தொடர்ந்து இயங்கியமை குறிப்பிடத்தக்கது.

4. வளாக வாழ்க்கை

பிரதான வளாகம் பம்பைமடுவில் அமைந்துள்ளது. தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒன்றாகக் கற்கின்றனர்; விடுதிகளிலும் ஒன்றாக வாழ்கின்றனர். விரிவுரைகள் ஆங்கில மொழியில் நடைபெறுகின்றன. தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்ற மாணவருக்கு முதலாண்டில் இதுவே பெரும் சவாலாகும். ஆகவே ஆங்கிலத்தை இப்போதிருந்தே பயில்க. வசதி குறைந்தோருக்கு மகாபொல புலமைப்பரிசில் உதவுகிறது. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

5. மாதிரி வினா

வினா: வவுனியாவில் அமைந்திருப்பதால் இப்பல்கலைக்கழகம் வன்னி மாணவருக்கு மட்டும் உரியதா?

விடை: இல்லை. இது தேசியப் பல்கலைக்கழகமாகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியின் அடிப்படையில் நாடெங்கிலுமிருந்து மாணவரைத் தெரிவுசெய்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40% இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55% மாவட்ட அடிப்படைக்கும், 5% கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது நடைமுறை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியன அம்மாவட்டங்களுள் அடங்கும்.

6. பயிற்சி

(i) வளாகத்திற்கும் பல்கலைக்கழகத்திற்குமிடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
(ii) 1991, 1997, 2021 ஆகிய ஆண்டுகளின் முக்கியத்துவத்தை எழுதுக.